பழைய கடனோடு புதுத் தொழில்

மஞ்சக்குட்டையிலோ அதைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலைக் கிராமங்களிலோ, இருக்கிற கடனெல்லாம் அடைந்த பிறகுதான் தொழில் தொடங்குவேன் என்று ஒருவர் காத்திருந்தால், பேரப்பிள்ளை காலத்தில்தான் கடை திறக்க வேண்டியிருக்கும். நகைக்கடன், குழுக்கடன், வண்டித் தவணை, காப்பி வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், பங்காளியிடம் கைமாத்து என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்படிக் கடன் ஓடும்போதே காப்பித்தூள் அரைத்து விற்கவும், மிளகைத் தரம் பிரித்துப் பொட்டலம் போடவும், ஏற்காடு ரோட்டோரம் சிற்றுண்டிக் கடை வைக்கவும் நினைக்கிறவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயம்.

வங்கி எவ்வளவு தரும் என்பதை வைத்துத் தொழிலின் அளவை முடிவு செய்யாதீர்கள். ஆடி, ஆவணியில், கையில் காசு வற்றிக் கிடக்கிற மாதங்களில், பழைய தவணை போக வீட்டில் என்ன மிஞ்சுகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். எந்த வங்கி, எந்தத் திட்டம், எவ்வளவு மானியம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பணம் வரும் மாதமும் தவணை வரும் மாதமும்

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. அன்றிலிருந்து இங்கே பணம் வருவது செடியின் கணக்கில்தான். கார்த்திகை முதல் தை வரை பழம் பறிப்பு. அதை ஒட்டி மிளகு. சித்திரை, வைகாசியில் கோடை சீசன். சேலம், ஈரோடு, பெங்களூரிலிருந்து கார்கள் ஏறிவரும், கோடை விழா நடக்கும், தெருவில் கடலை விற்றாலும் காசு பார்க்கலாம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது கூட்டம் இறங்கிவிடும். அதன் பிறகு ஐப்பசி வரை மழையும் மூடுபனியும்தான். சனி, ஞாயிறு வியாபாரம் இருக்கும். மற்ற நாட்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

தவணைக்கு இந்த மாதக் கணக்கு கிடையாது. குழுக்கடன்காரர் வாரா வாரமோ மாதா மாதமோ வருவார். வண்டித் தவணை ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து தானாகப் போகும். பள்ளிக் கட்டணம் ஜூனில்தான் வந்து நிற்கும். சராசரி வருமானத்தை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் கவிழ்வது இங்கேதான்.

கணக்கை எளிதாக்க ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவன் தோட்ட வேலை, மனைவிக்குக் கூலி வேலையோடு கொஞ்சம் சொந்த மிளகும் உண்டு. ஆண்டு வருமானம் ரூ.2,10,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 17,500. வறட்டு மாதங்களில் உண்மையில் வருவது 11,000. கடன் நான்கு: குழுக்கடன் தவணை மாதம் 2,600, வண்டித் தவணை 2,900, இன்னும் எட்டு மாதம் பாக்கி, மூணு வட்டிக்கு வாங்கிய 50,000, அதற்கு வட்டி மட்டும் மாதம் 1,500, வங்கியில் 1,20,000 நகைக்கடன், ஒன்பதரை சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 11,400, மாதத்துக்கு 950 ஒதுக்க வேண்டும். கூட்டினால் 7,950.

சிறுகடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலிலிருந்து ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பம் கட்டுகிற எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. சராசரியில் பார்த்தால் இந்தக் குடும்பத்தின் வரம்பு 8,750. இன்னும் 800 ரூபாய் இடம் இருக்கிறது, காகிதத்தில் பிரச்சினை இல்லை. ஆவணி மாதத்தை எடுத்துப் பாருங்கள்: 11,000 வரவில் 7,950 போய், சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மிஞ்சுவது 3,050. இந்த வீட்டுக்குப் புதுக் கடன் ஒன்றைத் தருகிற நிறுவனம் விதியை மீறவில்லை. வாங்குகிறவர்தான் ஆவணியில் தண்டல்காரரைத் தேடிப் போவார்.

இதே கணக்கை உங்கள் வீட்டுக்குப் போடுங்கள். நோட்டில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, எதிரே வரவு, தவணை, மிச்சம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து போட வேண்டும், ஏனென்றால் ஒருவருக்குத் தெரியாத கடன் மற்றவரிடம் இருப்பது சாதாரணம். மாமியாருக்குத் தெரியாத சீட்டும் இருக்கும். மகளிர் உரிமைத் தொகை ஆயிரத்தை வரவில் சேர்க்காதீர்கள். அது அரிசி பருப்புக்கே இருக்கட்டும்.

எந்தக் கடன் முதலில் போக வேண்டும்

கடன்களை ஒப்பிட வேண்டுமானால் எல்லா வட்டியையும் ஆண்டுச் சதவீதமாக மாற்றிக்கொள்ள வேண்டும். மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது தண்டல். பத்தாயிரம் என்று சொல்லி ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 தருவார். நாள் ஒன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “ஆயிரம்தானே வட்டி, பத்து பர்சன்ட்தானே” என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே இருக்கிறோம். ஐம்பதாவது நாளில் நம் கையில் பாதிதான் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 77 சதவீதம் வரும். காய்கறிக் கடைக்காரர் அன்றன்றைக்கு விற்றுக் கட்டிவிடுவார், அவருக்கு ஓடும். காப்பித்தூள் விற்கிறவருக்கு ஓடாது.

இன்னொன்று, “ஃபிளாட்” வட்டி என்று சொல்லி விற்கப்படும் தவணைக் கடன். ஒரு லட்சத்துக்கு 12 சதவீதம், இரண்டு ஆண்டு, மாதம் 5,167 என்பார்கள். முழு அசலுக்கும் இரண்டு ஆண்டுக்கு வட்டி போடுவதால் உண்மையான வட்டி 21.6 சதவீதம். இதைக் கண்டுபிடிக்க நீங்கள் கணக்காளராக இருக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் தவணைக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டுச் சதவீதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள். மற்ற பேச்சு தேவையில்லை.

நம் கற்பனைக் குடும்பத்தில் முதலில் போக வேண்டியது மூணு வட்டிதான். பெட்டியில் இன்னும் கொஞ்சம் நகை இருந்தால், அதை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து அந்த 50,000ஐ அடைத்துவிடலாம். பத்து சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 5,000. இதுவரை கட்டியது 18,000. மிச்சம் 13,000, மாதத்துக்கு 1,083. புதுத் தொழிலில் மாதம் ஆயிரம் ரூபாய் நிகர லாபம் எடுக்க எத்தனை கிலோ தூள் விற்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தால் இந்த மாற்றத்தின் அருமை தெரியும். ஆனால் நகைக்கடன் ஆண்டு முடிவில் அசலோடு கேட்கப்படும் கடன். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போனால் நகை ஒருநாள் ஏலத்துக்குப் போகும். மிளகு விற்ற பணத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு பங்குனியிலும் அசலுக்குப் போக வேண்டும். எல்லா நகையையும் வைத்துவிடவும் கூடாது. ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் கடைசியாகக் கை நீளுவது அங்கேதான்.

மலையில் யாரும் கடன் என்று எண்ணாத ஒரு கடன் உண்டு: பழத்தின்மேல் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம். வட்டி கிடையாது, கையெழுத்து கிடையாது, அண்ணன் தம்பி போலப் பேசித் தருவார். பறிப்பு வரும்போது பழம் அவருக்குத்தான் போக வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். கிலோவுக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, மொத்த எடையால் பெருக்கி, முன்பணத்தால் வகுத்துப் பாருங்கள். சிலருக்கு அது மூணு வட்டியையே தாண்டும். காப்பித்தூள் தொழில் தொடங்க நினைக்கிறவருக்கு இதில் இரட்டைச் சிக்கல்: உங்கள் சொந்தக் கொட்டையே உங்களுடையது அல்ல.

1976இல் வங்கதேசத்தில், சிட்டகாங் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள ஜோப்ரா கிராமத்தில் பொருளியல் பேராசிரியர் முகம்மது யூனுஸ் கண்டதும் இதையேதான். மூங்கில் முக்காலி செய்யும் பெண்கள் மூங்கில் வாங்க வியாபாரியிடம் கடன் வாங்கினார்கள். செய்த முக்காலியை அவர் வைத்த விலைக்கு அவருக்கே விற்றார்கள். இப்படி மாட்டியிருந்த 42 பேரின் மொத்தக் கடனையும் கூட்டியபோது வந்தது 27 டாலர். அதை அவர் தன் கையிலிருந்து கொடுத்தார். கிராமீன் வங்கியின் தொடக்கமாகச் சொல்லப்படும் அந்த 27 டாலர் புது இயந்திரம் எதையும் வாங்கித் தரவில்லை. பழைய கடனை அறுத்துவிட்டது, அவ்வளவுதான். முன்பணத்தை ஒரு பருவத்துக்கு அடைத்துவிட்டுப் பழத்தை வெளியே விற்பதே உங்கள் தொழிலின் முதல் முதலீடாக இருக்கலாம். (அதே சிறுகடன் பின்னாளில் ஒரே வீட்டுக்கு நாலைந்து நிறுவனம் கொடுத்து, 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போடும் அளவுக்குப் போனதையும் மறக்க வேண்டாம்.)

தொழில்கடனை வாங்கி வீட்டுக் கடனை அடைக்கலாமா?

கூடாது. பலரும் செய்கிறார்கள், சிலர் தப்பியும் விடுகிறார்கள். இருந்தாலும் கூடாது. தொழில்கடனில் இயந்திரத்துக்கான பணம் பெரும்பாலும் விலைப்புள்ளி கொடுத்த கடைக்கே நேராகப் போகும். அந்தக் கடைக்காரரோடு பேசிவைத்துப் போலி ரசீது போட்டுப் பணத்தைத் திருப்பி வாங்கினால், ஆய்வுக்கு வரும்போது இயந்திரம் இருக்காது. மானியம் போகும், கடனை மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அடைத்த கடனுக்கு வருமானம் இல்லை. அடைக்கப் பயன்பட்ட கடனுக்கும் வருமானம் தரும் இயந்திரம் இல்லை. தவணை மட்டும் இருக்கும்.

ஆனால் வங்கி மேலாளரிடம் பழைய கடனை மறைக்காதீர்கள். மறைத்தாலும் அவர் திரையில் தெரியும்.

அந்தத் திரையில் என்ன தெரியும்

ஊரில் எல்லோரும் “சிபில்” என்கிறார்கள். உண்மையில் இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். குழுக்கடன் விவரங்களைப் பார்க்கக் கிரிஃப் ஹைமார்க் அறிக்கையையும் எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். விண்ணப்பிக்கும் முன் நான்கையும் எடுத்துவிடுங்கள். மகனோ மகளோ கைப்பேசியில் எடுத்துத் தருவார்கள். இதற்குக் காசு கேட்கும் தரகர் தேவையில்லை.

மதிப்பெண் 300 முதல் 900 வரை. மதிப்பெண்ணைவிட முக்கியம் அதன் கீழே உள்ள வரிகள். 90 நாள் தாண்டிய பாக்கி இருக்கிறதா? பேசி முடித்துக் குறைத்துக் கட்டிய கடன் ஏதாவது “செட்டில்டு” என்று நிற்கிறதா? அப்படி நின்றால் வங்கி அதை முழுதாக அடைத்த கடனாகப் பார்க்காது. வசூலுக்கு வருகிறவர் “பாதி கட்டுங்க, முடிச்சிடலாம்” என்று சொல்லும்போது இனிக்கும். அந்த ஒரு சொல் பல ஆண்டுகள் கூடவே வரும். முடிந்தால் முழுதும் கட்டி, “குளோஸ்டு” என்று பதியவைத்து, நிலுவையில்லாச் சான்றிதழ் வாங்குங்கள். நீங்கள் போடாத ஜாமீன், உங்கள் பெயரில் வேறொருவர் கடன் என்று தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது விதி.

இதுவரை வங்கிக் கடனே வாங்காதவருக்கு மதிப்பெண் இருக்காது. அது குறை அல்ல. கடன் வரலாறு இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி முதல்முறை விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

பணம் எங்கிருந்து

ஒரே குடும்பத்துக்கு ஒரு மானியத் திட்டம்தான் பொதுவாகக் கிடைக்கும். ஆகவே எதை எடுப்பது என்று யோசித்து எடுக்க வேண்டும். விதிகளும் தொகைகளும் மாறும். விண்ணப்பிக்கும் முன் சேலம் மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மஞ்சக்குட்டைக்காரருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், பி.எம்.இ.ஜி.பி. கிராமப்புறத்தில் பெண்கள், பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீத மானியம், சொந்தப் பணம் 5 சதவீதம் போதும். பொதுப் பிரிவுக்கு 25, சொந்தப் பணம் 10. உற்பத்தித் தொழிலில் 10 லட்சம் வரை படிப்புத் தடை இல்லை. அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வேண்டும். நம் மலைக்கு முக்கியமான ஒரு நுணுக்கம்: காப்பி, தேயிலை பயிரிடுவதற்கு இதில் பணம் கிடையாது. காப்பிக்கொட்டையை வறுத்து, அரைத்து, பொட்டலம் போட்டு மதிப்புக் கூட்டினால் உண்டு. திட்ட அறிக்கையில் ‘காப்பித் தோட்டம்’ என்ற தலைப்புப் போட்டு விண்ணப்பத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

“மானியம் கைக்கு எப்ப சார் வரும்?” என்று எல்லோரும் கேட்பார்கள். கைக்கு வராது. மானியத் தொகை உங்கள் பெயரில் வங்கியிலேயே வைப்பாக மூன்று ஆண்டு இருக்கும். அதற்கு வட்டி கிடையாது, அதே அளவு கடனுக்கும் வட்டி போடமாட்டார்கள். தொழில் ஒழுங்காக நடந்தால் மூன்று ஆண்டுக்குப் பிறகு கடனில் கழியும். இரண்டு லட்ச ரூபாய்த் திட்டம் என்றால் சொந்தப் பணம் 10,000, மானியம் 70,000, நீங்கள் வட்டியோடு கட்ட வேண்டியது 1,20,000. பதினொரு சதவீதம், ஐந்து ஆண்டு என்று வைத்தால் மாதம் 2,609.

இப்போது நம் குடும்பத்துக்கு வருவோம். மூணு வட்டியை நகைக்கடனாக மாற்றிய பிறகு மாதத் தவணை 6,867. இன்றே 2,609 சேர்த்தால் ஆவணியில் மிஞ்சுவது ஆயிரத்து ஐந்நூறு சொச்சம். முடியாது. எட்டு மாதம் பொறுத்தால் வண்டித் தவணை முடியும். தவணை 3,967 ஆகும். அப்போது 2,609 சேர்ந்தாலும் ஆவணியில் 4,424 மிஞ்சும், தொழிலில் ஒரு ரூபாய் வராவிட்டாலும் இன்றைய 3,050ஐவிட அதிகம். விண்ணப்பத்தை இன்றே தொடங்கலாம், ஏனென்றால் பயிற்சி, பரிசீலனை, ஆய்வு என்று எப்படியும் மாதங்கள் போகும். பணம் இறங்கும் நாளை வண்டித் தவணை முடிவோடு பொருத்த வேண்டும். அந்தச் சொந்தப் பத்தாயிரத்தை மிளகுப் பணத்திலிருந்து எடுங்கள். அதற்கும் கடன் வாங்குவதாக இருந்தால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

மலையாளி சமூகத்தார் சேலம் மாவட்டத்தில் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். 2023இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் வணிக முன்னோடிகள் திட்டம் அவர்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் உரியது: 35 சதவீத மானியம், ஆறு சதவீத வட்டி மானியம், படிப்புத் தகுதி இல்லை, வயது 55 வரை. வட்டி மானியத்தைக் கணக்கில் எடுத்தால் பழைய கடன் சுமப்பவருக்கு மத்தியத் திட்டத்தைவிட இதுவே இலகுவாக இருக்கும். சாதிச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது. அதை முதலில் வாங்கிவையுங்கள். தாட்கோ வழியாகவும் திட்டங்கள் உண்டு, அங்கும் கேளுங்கள்.

முத்ரா கடன் 2015இலிருந்து இருக்கிறது. சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. அடமானம் கிடையாது. பட்டா கூட்டாக இருந்து அண்ணன் தம்பி கையெழுத்துக்குத் தொங்க வேண்டிய வீட்டுக்கு இது பெரிய உதவி. மானியம் இல்லை என்பதால், இதை முழு முதலீட்டுக்கு அல்லாமல் நடைமுறைச் செலவுக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பெண்களுக்குச் சுயஉதவிக் குழு இன்னும் மலிவான வழி. தமிழகத்தில் இந்த இயக்கம் 1989இல் தருமபுரியில் தொடங்கி, 1991-92இல் சேலத்துக்கு வந்தது; மலையில் இன்று பெரிய அறிமுகம் தேவைப்படாத அமைப்பு. வங்கி இணைப்புக் கடனையும் தனியார் நிறுவனம் நடத்தும் குழுக்கடனையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டிலும் பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்கிறார்கள், வட்டிதான் வேறு.

கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனை ஒருபோதும் கடைக்குத் திருப்பாதீர்கள். தவணை தவறாமல் கட்டினால் வட்டியே இல்லாத கடன் அது. தவறினால் அந்தச் சலுகை போகும். அடுத்த ஆண்டு தோட்டத்துக்கு உரம் போடப் பணம் இருக்காது. தீபாவளிச் சீட்டு, தெருச் சீட்டு இவற்றைத் தொழில் முதலாக நம்ப வேண்டாம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கைப்பேசிச் செயலிக் கடன் பக்கமே போகாதீர்கள்.

இயந்திரத்தைவிட அதிகம் விழுங்குவது

கணக்கில் எல்லோரும் இயந்திரத்தைச் சேர்க்கிறார்கள். கொட்டையைச் சேர்ப்பதில்லை. காப்பி வருவது ஆண்டுக்கு ஒருமுறை. கார்த்திகை, மார்கழியில் வாங்கிக் காயவைத்துச் சேமித்தால்தான் அடுத்த ஐப்பசி வரை வறுக்கலாம். அவ்வளவு பணமும் மூட்டையில் மாட்டிக்கொள்ளும். சிறிய காப்பித்தூள் கடைகள் தண்டலுக்குப் போவது பெரும்பாலும் இங்கேதான். இயந்திரம் வாங்கும்போது அல்ல, இரண்டாம் பருவத்துக்குக் கொட்டை வாங்கும்போது. திட்டச் செலவில் நடைமுறை மூலதனத்தையும் சேர்த்து எழுதுங்கள், வங்கி அதற்கும் தரும். முதல் ஆண்டு சொந்தத் தோட்டத்துக் கொட்டையும் உறவுக்காரர் இரண்டு பேரிடம் வாங்குவதும் போதும். விற்ற பிறகு பணம் தருவதாக அவர்களோடு பேசுங்கள். எடையும் விலையும் எழுதிக் கையெழுத்திடுங்கள், சித்தப்பாவாக இருந்தாலும்.

இயந்திரம் வாங்கும் முன் ஒரு பருவம் கூலிக்கு வறுத்து அரைத்துப் பாருங்கள். சீசனில் ஏற்காட்டுக்கு வருகிறவர் பொட்டலம் வாங்குகிறார் என்பது பெரிய செய்தி அல்ல. ஊருக்குப் போய்த் தீர்ந்ததும் திரும்பக் கேட்கிறாரா என்பதுதான் செய்தி. மழை மாதங்களில் தபால் பார்சலில் போகும் தூள்தான் உங்கள் தவணையைக் கட்டப்போகிறது. பொட்டலத்தில் கைப்பேசி எண்ணை அச்சடியுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் அடிப்படைப் பதிவும் வேண்டும். உத்யம் பதிவு முற்றிலும் இலவசம்; காசு கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல.

இந்தச் சோதனைப் பருவத்திலேயே தொழிலுக்குத் தனிச் சேமிப்புக் கணக்கு திறந்து, விற்பனைப் பணம் முழுதும் கியூஆர் வழியாக அதில் விழும்படி செய்யுங்கள். சிக்னல் கிடைக்காத வளைவுகள் நம் பக்கம் நிறையவே உண்டு. ரொக்கமாக வந்ததையும் வாரம் ஒருமுறை அதே கணக்கில் கட்டுங்கள். கூலி வாங்கும் குடும்பத்துக்கு வருமானச் சான்று என்று எதுவும் இருப்பதில்லை. ஆறு மாதம் ஓடிய அந்தக் கணக்கேடுதான் மேலாளர் முன் வைக்க உங்களிடம் இருக்கும் ஒரே காகிதம். அந்தக் கணக்கிலிருந்து வண்டித் தவணையோ குழுக்கடனோ போகக்கூடாது.

கடன் அனுமதியாகும்போது தவணை விடுப்பு கேளுங்கள். முதல் தவணை ஜூலையில் தொடங்குவதைவிட டிசம்பரில் தொடங்குவது உங்களுக்கு நல்லது. விண்ணப்பத்திலேயே பருவத்தைக் காரணம் காட்டி எழுதுங்கள். கடன் கணக்கைத் தொடங்கும் அன்றே மூன்று மாதத் தவணையை, நம் கணக்கில் சுமார் 20,000, அஞ்சலகத்தில் ஒதுக்கிவையுங்கள். சீசன் பணத்தில்தான் அது முடியும். ஆண்டுக்கு 436 ரூபாயில் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு 2 லட்சம் தருகிறது. கடன் வாங்கியவர் இறந்தால் குடும்பம் அந்தக் கடனோடு நிற்காமல் இருக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

வசூல் வாசலுக்கு வந்தால்

ஒரு மாதம் தவறப்போகிறது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய்ச் சொல்லுங்கள். 90 நாள் ஆகும்வரை கடன் வாராக்கடன் ஆகாது. அதற்குள் தவணையை மாற்றி அமைக்கப் பேச இடம் உண்டு. சிறுகடன் வசூலுக்குக் காலை ஒன்பதுக்கு முன்போ மாலை ஆறுக்குப் பிறகோ வரக்கூடாது. அவமானப்படுத்துவது, மிரட்டுவது, உறவினரைத் தொந்தரவு செய்வது எல்லாம் விதிமீறல். ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் புகார் முறையைக் கேட்டுக்கொள்ளலாம். தனிநபர் கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவாகவே கொடுக்கலாம். நிரப்பாத பத்திரத்திலும் காசோலையிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அதையும் மனுவில் எழுதுங்கள்.

வங்கி மறுத்தால்

வாய்மொழியாக “இப்ப முடியாதும்மா, அப்புறம் பார்க்கலாம்” என்று சொன்னால் அது மறுப்பு அல்ல, தள்ளிப்போடுதல். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பழைய பாக்கி காரணமா, திட்ட அறிக்கை காரணமா என்று தெரிந்தால்தான் சரிசெய்ய முடியும். பாக்கி என்றால் எது, எவ்வளவு என்று கேட்டு, அடைத்த ரசீதோடு திரும்பிப் போங்கள். திட்ட அறிக்கை என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் உட்கார்ந்து திருத்துங்கள். தரகர் எழுதித் தரும் அறிக்கையில் ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறியிருக்கும், மழை மாதத்து விற்பனையும் மே மாதத்து விற்பனையும் ஒன்றாகவே இருக்கும். மேலாளருக்கு அது பார்த்ததும் தெரியும்.

எழுதித் தரவும் மறுத்தால் அடுத்த படி முன்னோடி வங்கியின் மாவட்ட மேலாளர். சேலம் மாவட்டத்துக்கு அது இந்தியன் வங்கி. விண்ணப்ப எண், கொடுத்த தேதி, கிளைப் பெயர், சோதனைப் பருவத்தின் கணக்கேடு, நான்கு கடன் அறிக்கைகள், பன்னிரண்டு மாத நோட்டு இவற்றின் நகலோடு ஒரு பக்க மனு போதும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போகிறீர்கள்; போகிற நாளில் தொழில் மையத்து வேலையையும் சேர்த்து முடித்துக்கொண்டு வாருங்கள்.